செவ்வாய்க்கிழமை மூன்று மணி

அந்த கிளினிக் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தை மாடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யார் என்று புதிதாக வருகிறவர்கள் மூச்சு வாங்கக் கேட்பார்கள். "அதுக்குத்தானே நாங்களே உங்க வீட்டுக்கு வர்றோம்" என்று டாக்டரம்மா சிரிப்பார். பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள், இடுப்பு ஒடிந்து படுத்தவர்கள், இப்படிப்பட்டவர்களின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பதுதான் அவர்கள் தொழில்.

படியேறியதும் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த டாக்டரம்மாகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். உண்மையில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அக்கா. அம்மா போனபோது எட்டு வயதாக இருந்த தங்கைக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பிசியோதெரபி படிக்கவைத்தது வரை எல்லாம் அவள்தான். தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ள அவளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. இப்போது தங்கையும் அதே கிளினிக்கில் தெரபிஸ்ட். இன்னொரு தெரபிஸ்ட் ஒரு நெடுநெடு இளைஞன், அவனை எல்லோரும் நெட்டை என்றார்கள், அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை டாக்டரம்மா வந்ததும் வராததுமாக அக்காவின் அப்பாயிண்ட்மெண்ட் நோட்டை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

"இனிமே இது வேண்டாங்க்கா. போன்லயே காலண்டர் ஒண்ணு திறந்திருக்கேன். யார் வேணும்னாலும் அப்பாயிண்ட்மெண்ட் போடலாம், மாத்தலாம். ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்ட வந்து நிக்க வேண்டாம் பாருங்க."

"அப்போ எனக்கு என்ன வேலை?"

"எல்லாருக்கும் பெர்மிஷன் குடுக்கிற வேலை."

கொடுத்தாள். சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றிலும் டிக் போட்டாள். நெட்டைக்கு ஆரஞ்சு நிறம், தங்கைக்கு நீலம், டாக்டரம்மாவுக்கு ஊதா. நோயாளியின் எண்ணைச் சேர்த்துவிட்டால் அவருக்கும் ஓர் அழைப்பு போகும், அவர் 'வருகிறேன்' என்று ஒப்புக்கொள்ளலாம். பிறகு நேரத்தை மாற்றினால் மட்டும் அவருக்குத் தானாகத் தகவல் போகாது. வாராவாரம் போக வேண்டியவர்களுக்கு ஒரு முறை போட்டால் போதும், எந்தத் தேதியோடு நிறுத்துவது என்று அது கேட்டது. பக்கவாதம் எந்தத் தேதியில் சரியாகும் என்று யாருக்குத் தெரியும்? அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

நோட்டுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது, அதை யாரும் யோசிக்கவில்லை. நோட்டில் பென்சிலால் எழுதும்போதே அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டுக்காரரிடம் பேசிவிடுவாள். "புதன்கிழமைக்கு மாத்தியிருக்குங்க, சரியா?" எழுதுவதும் சொல்வதும் அவளுக்கு ஒரே வேலை. காலண்டர் வந்த பிறகு எழுதுவது எல்லோருடைய வேலையாயிற்று. சொல்வது யாருடைய வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அழைப்பு போன அரை மணி நேரத்தில் முதல் ஆளாக 'வருகிறேன்' என்று அழுத்தியவர் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்காரர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், முப்பது வருஷம் நிமிஷம் தவறாமல் வண்டி எடுத்த மனுஷன். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மகன் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை வீட்டில் தனியாக இருப்பார். தங்கைதான் அவருக்குப் பயிற்சி கொடுத்தாள்.

"ரெண்டரைக்கே ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திடறாருக்கா. ஒத்தைக் கையால பட்டன் போட அரை மணி நேரம் ஆகுமாம், ஆனா என்னைப் போடவிட மாட்டார்" என்று தங்கை சொல்வாள். "போன வாரம் பத்து எண்ணறதுக்குள்ள கையைத் தோள் வரைக்கும் தூக்கிட்டாரு தெரியுமா?" தானே பரீட்சையில் தேறியதுபோல் அவள் முகம் மலர்ந்திருக்கும்.

மூன்றாவது வாரம் நெட்டை ஒரு புது நோயாளியைப் பிடித்துக்கொண்டு வந்தான். முட்டி அறுவை சிகிச்சை முடிந்த பெண், பெண் தெரபிஸ்ட்தான் வேண்டும் என்றார், அதுவும் நாளைக்கே மூன்று மணிக்கு வேண்டும் என்றார். நெட்டை பஸ்ஸில் நின்றபடியே தங்கையின் பெயரில் போட்டுவிட்டான். அக்கா தன் திரையில் பார்த்தபோது செவ்வாய் மூன்று மணியில் இரண்டு நீலக் கட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. டிரைவருடைய கட்டத்தின் மேல் விரலை வைத்து இழுத்துப் புதன்கிழமையில் விட்டாள். அவ்வளவுதான், ஒரு நொடி வேலை. நெட்டை சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்தாள். அக்கா சொல்லியிருப்பாள் என்று நெட்டை நினைத்தான். தங்கை காலண்டர் காட்டிய வீட்டுக்குப் போனாள்.

டிரைவர் காத்திருந்தார். மூன்றரை வரை காத்திருந்தார், நாலு வரை காத்திருந்தார். அப்புறம் தானே எழுந்து நின்று, யாராவது வருகிறார்களா என்று படிக்கட்டில் எட்டிப் பார்த்திருக்கிறார். மகன் ஏழு மணிக்கு வந்தபோது அவர் படிக்கட்டின் அடியில் உயிரில்லாமல் கிடந்தார்.

வெள்ளிக்கிழமை மகன் கிளினிக்குக்கு வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"மாத்தினதை அப்பாவுக்கு யாராவது போன் பண்ணிச் சொன்னீங்களா?"

"பண்ணினேனே" என்றாள் அக்கா. "ரெண்டு தடவை பண்ணினேன். எடுக்கலை."

நெட்டை தரையைப் பார்த்தான். தங்கை அக்காவைப் பார்த்தாள்.

"போன் அவர் சட்டைப் பைலதான் இருந்தது" என்றான் மகன். "உடைஞ்சு போச்சு." எழுந்து போய்விட்டான்.

அன்று அக்கா டிரைவருடைய கட்டத்தைத் திறந்து நீக்கச் சொன்னாள். இதை மட்டுமா, இனி வருகிற எல்லாவற்றையுமா என்று கேட்டது. எல்லாவற்றையும் என்று அழுத்தினாள். எதிரே இருந்த தங்கை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவின் கையைப் பிடிக்காமலே நடந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நெட்டை படியேறி வந்தான். அவனோடு கூடவே மெலிதாக ஒரு வாசனை வந்தது. ஷேவிங் சோப்பு வாசனை.

"அக்கா, இன்னிக்குப் புதுசா போட்டிருந்தீங்களே, அந்தப் பெரியவர் தங்கமான மனுஷன். எல்லா நோயாளியும் இப்படி இருந்தா நமக்கு என்ன கவலை!"

"எந்தப் பெரியவர்?"

"மூணு மணிக்குப் போட்டிருந்தீங்கள்ல? பேரு போடலை, அட்ரஸ் மட்டும் இருந்தது. படிக்கட்டு ஏறினதும் முதல் வீடு. வாசல்லயே நாற்காலி போட்டு ரெடியா உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசலை. பத்து வரைக்கும் எண்ண மட்டும் செஞ்சாரு."

அக்கா போனைத் திறந்தாள். செவ்வாய், மூன்று மணி. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'இடது கை, இடது கால்' என்று எழுதியிருந்தது. முகவரி அவளுக்கு மனப்பாடமான முகவரி. சேர்த்தவர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அழைக்கப்பட்டவர் ஒருவர்.

'வருகிறார்.'

"என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்து நின்னாரு" என்று நெட்டை சொல்லிக்கொண்டே போனான். "இடது கைல என்ன பிடிங்கிறீங்க! சும்மா சொல்லக்கூடாது."

அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தான். மறுபடி விழுந்தது.

மூன்றாம் தடவை அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். முப்பது வயது, ஒரு தலைவலிகூட வந்ததில்லை. எல்லா ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் குறையில்லை, மூளையில் குறையில்லை, இடது பக்கம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அக்கா டிரைவரின் மகனுக்குப் போன் செய்து, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"அன்னிக்கே பூட்டிட்டேங்க. நான் நண்பன் வீட்டுல இருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு போன் ஒரு முறை அதிர்ந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு யாரோ அப்பாயிண்ட்மெண்ட் சேர்த்திருந்தார்கள்.

இந்த முறை கட்டம் நீலமாக இருந்தது.

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. உடனே நீக்கினாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி வந்து நின்றது. டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"யாராவது தெரியாம போட்டிருப்பாங்கக்கா."

"யாரு டாக்டர்? நெட்டை ஆஸ்பத்திரில இருக்கான். நீங்க போடலை, நான் போடலை."

"யார் வேணும்னாலும் போடலாமே" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு அவரே தன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கே எல்லோருடைய பெர்மிஷனையும் பிடுங்கினாள். கட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை டிராயரிலிருந்து பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, காலண்டரில் தங்கையின் பெயரையே எடுத்துவிட்டாள். சனிக்கிழமை பெயர் திரும்பி வந்தது, நீலமும் வந்தது. தங்கையிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் தங்கையின் போனிலும் அந்தக் கட்டம் இருந்திருக்கிறது. ஞாயிறு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீ அவருக்குப் போன் பண்ணலைதானே?"

அக்கா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். "இல்ல."

"எனக்குத் தெரியும். நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நோயாளிதானே."

"நீ ஒண்ணும் பண்ணலை. எல்லாம் என் தப்பு. நீ எங்கயும் போகப்போறதில்ல."

கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. போக வேண்டியவருக்கு முடியாமல் போனால் இன்னொருவர் அந்தக் கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், நோயாளி அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கையின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். மனசு லேசாகிவிட்டது. தான்தானே செய்தது, தன்னோடு போகட்டும்.

அரை நிமிஷத்தில் பதில் வந்தது.

'மறுத்துவிட்டார்.'

கீழே குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'நீங்க போன் பண்றவங்கதானே.'

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ பாத்திரம் கழுவினார்கள், எங்கோ ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்து அழுதது. எத்தனை நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு அன்றைக்குச் செய்யாத காரியத்தைச் செய்தாள். உடைந்துபோன அந்தப் போனின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது.

யாரோ எடுத்தார்கள்.

மறுமுனையில் பேச்சில்லை. மர நாற்காலி ஒன்று ஆள் அசைவதில் கிரீச்சிட்டது. மூச்சு கேட்டது, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

"ஐயா, கிளினிக்லேருந்து பேசறேன்" என்றாள். அந்தக் குரல் அவளுக்குப் பழகிய மேஜைக் குரலாகவே வந்தது. "செவ்வாய்க்கிழமை உங்களுக்கு அப்பாயிண்ட்மெண்ட் இல்லைங்க. கேன்சல் ஆயிடுச்சு. யாரும் வர மாட்டாங்க. தயவு செஞ்சு காத்திருக்காதீங்க. என்னை மன்னிச்சுடுங்கய்யா, அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு எதுவுமே தெரியாது."

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது.

"சரிம்மா" என்றது ஒரு குரல், பாதி வாயால் பேசுகிற குரல். "காத்திருக்கேன்."

செவ்வாய்க்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை, தங்கையையும் போக விடவில்லை. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள், ஜன்னல்களைச் சாத்தினாள், டிவியைச் சத்தமாக வைத்தாள். வெளியே நல்ல வெயில். தங்கை சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அங்க போனாத்தானே?" என்றாள் அக்கா பத்தாவது தடவையாக. "மூணு மணி தாண்டட்டும். அப்புறம் என்ன ஆயிடும்?"

இரண்டு நாற்பதுக்குத் தங்கை தலை நிமிர்ந்தாள்.

"அக்கா. இடம் மாறிடுச்சு."

போனை நீட்டினாள். முகவரி இருந்த வரியில் அவர்கள் வீட்டு முகவரி இருந்தது. மாடி, கதவு எண், எல்லாம் சரியாக இருந்தது. தெரபிஸ்டுகள் தடுமாறக்கூடாது என்று அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் குறிப்பு எழுதுவாளே, அதேபோல் கீழே ஒரு குறிப்பும் இருந்தது. 'மணி வேலை செய்யாது. தட்டவும்.'

அக்கா டிவியை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கீழே, படிக்கட்டில், ஏதோ ஊன்றுகிற சத்தம் கேட்டது.

ஊன்றுதல். பிறகு ஒரு காலடி. பிறகு சுவரோரமாக எதையோ இழுக்கிற சத்தம்.

ஊன்றுதல். காலடி. இழுப்பு.

"இடது கால் இழுக்குது" என்றாள் தங்கை தாழ்ந்த குரலில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "முட்டி மடங்கலை. இடுப்பால தூக்கிப் போடறாரு."

"பேசாதே."

"முதல்ல கைத்தடியை வைக்கணும், அப்புறம் நல்ல கால், அப்புறம் அந்தக் கால். நான்தான் சொல்லிக் குடுத்தேன். மறக்காம அப்படியே செய்யறாரு."

"பேசாதேடி!"

ஒன்றாவது மாடியில் சத்தம் நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. மறுபடி தொடங்கியது. அக்கா தங்கையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். எட்டு வயதில் இடி இடித்தால் இப்படித்தான் அணைத்துக்கொள்வாள், அப்போது தங்கை அவள் கழுத்தில் முகம் புதைத்துக்கொள்வாள். இப்போது தங்கையின் முகம் கதவுப் பக்கமே இருந்தது.

இரண்டாவது மாடி.

கதவின் அடியிலிருந்து ஷேவிங் சோப்பு வாசனை வந்தது.

மணி சரியாக மூன்று. முப்பது வருஷம் நிமிஷம் தவறாத மனுஷன்.

தட்டினார். அவசரமில்லாமல், மரியாதையாக, இரண்டே தட்டு.

"அக்கா, மூணு மாடி ஏறிட்டாரு" என்றாள் தங்கை. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. "நாலு படிக்கு மேல ஏறினதே இல்லக்கா."

அக்காவின் கைகளை விலக்கிவிட்டு எழுந்தாள். அக்கா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தொங்கினாள், முட்டி தேயத் தரையில் இழுபட்டாள். தங்கை நிற்கவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. இடது உள்ளங்கையைக் கதவின் மேல் பதித்தாள், நோயாளியின் கையைத் தாங்கிப் பிடிப்பதுபோல.

"மெதுவா தூக்குங்க" என்றாள். "நான் பிடிச்சிருக்கேன். ஒண்ணு."

கதவுக்கு அந்தப் பக்கம் பாதி வாய் எண்ணியது. "ஒண்ணு."

"ரெண்டு."

"ரெண்டு."

கை கதவின் மேல் ஊர்ந்து ஏறியது. அக்கா கத்தினாள், அடித்தாள், அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கல்லாக இருந்தது. ஏழில் தங்கையின் குரல் குழறியது. எட்டில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஒன்பதை அவள் சொல்லவில்லை.

"பத்து" என்றது வெளியே இருந்த குரல். தெளிவாக, முழு வாயால்.

தங்கையின் கை கதவில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது. அவளும் இறங்கினாள்.

படிக்கட்டில் யாரோ இறங்கிப் போனார்கள். இரண்டு கால்களும் ஒரே சீராக, ஒரு படி விடாமல்.

ஆஸ்பத்திரியில் நெட்டைக்குச் சொன்னதையே தங்கைக்கும் சொன்னார்கள். நரம்பில் குறையில்லை, மூளையில் குறையில்லை. அவளுக்குப் பேச்சும் போயிருந்தது. டாக்டரம்மா வந்து அழுதார், காலண்டரை ஒரேயடியாக அழித்துவிட்டதாகச் சொன்னார். அக்கா தன் போனையே தூக்கி எறிந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமைகள் வந்தன, மூன்று மணிகள் வந்தன. யாரும் தட்டவில்லை. தங்கையிடமிருந்து எடுக்க வேண்டியது இனி ஒன்றுமில்லை போலிருக்கிறது.

அதற்கெல்லாம் முன்பே, தங்கை விழுந்த ஒரு வாரத்தில், நெட்டை வார்டுக்கு வந்தான். பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றி அக்காவிடம் நீட்டினான். வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் கவனித்தாள். இடது கையால் நீட்டியிருந்தான்.

"எப்போ சரியாச்சு?"

அவனுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "போன செவ்வாய்க்கிழமைக்கா. மத்தியானம். மூணு, மூணே கால் இருக்கும். சும்மா படுத்திருந்தேன், சுண்டுவிரல் தானா மடங்கிச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா." தங்கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா டீயைக் குடித்தாள். தங்கை கதவோரம் சரிந்ததும் அதே நேரத்தில்தான். அந்த முடிச்சை அவள் அவிழ்க்காமலே இருந்திருக்கலாம். அவிழ்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தங்கையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா வேலையை விட்டுவிட்டாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். பயிற்சி இல்லாமல் விட்டால் கை மடங்கியே இறுகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்தார்கள். பழைய கிளினிக் வேண்டாம் என்று ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு இடத்தில் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நாள் எதுவும் குறிக்கவில்லை. வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். இருபத்திமூன்று வயதுகூட இருக்காது. கலகலவென்று பேசினாள். தங்கையும் தெரபிஸ்ட் என்று கேள்விப்பட்டதும், "அப்போ நான் தப்பு பண்ணினா முறைச்சே கொன்னுடுவாங்க" என்று சிரித்தாள். தங்கையின் நல்ல பாதி முகமும் கொஞ்சம் சிரித்தது. நடுவில் ஒரு போன் வந்தது. "வந்துடறேம்மா, இன்னும் ஒரு வீடுதான். நீ சாப்பிடு, எனக்காக உக்காந்திருக்காதே" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கை, கால், தோள் எல்லாம் தொட்டுப் பார்த்து முடித்தாள். "வாரா வாரம் ஒரு நாள் வர்றேன். நாள் குறிச்சுடலாமா?" என்று மறுபடி போனை எடுத்தாள். திரையைத் தள்ளிக்கொண்டே வந்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"அட, உங்களுக்கு ஏற்கனவே போட்டிருக்கே. வர்ற செவ்வாய்க்கிழமை, மூணு மணி. என் பேர்லயே இருக்கு. எங்க ஆபீஸ்ல யாரோ போட்டிருக்காங்க போல. நீங்க போன் பண்ணிச் சொன்னீங்களாக்கா?"

கட்டில் அதிர்ந்தது.

தங்கையின் வலது கை எழும்பி அந்தப் பெண்ணின் முழங்கையைக் கவ்விப் பிடித்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள், தலையணையிலிருந்து தலை நழுவும் அளவுக்கு ஆட்டினாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தையில்லை, வெறும் சத்தம். கண் மட்டும் அந்தப் பெண்ணின் முகத்தை விட்டு அகலவில்லை.

அந்தப் பெண் பயந்துபோனாள். "என்னாச்சு? என்ன சொல்றாங்க?"

அக்கா எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணுடைய அம்மா இந்நேரம் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டுத் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"புது ஆளைப் பாத்தா இப்படித்தான் பண்ணுவா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் வரலாம்தானே?"

"தாராளமா வாங்க. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்" என்றாள் அக்கா.

பெண்ணின் முகம் தெளிந்தது. கட்டைவிரலால் திரையில் 'வருகிறேன்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். படிக்கட்டில் அவள் ஓடி இறங்குகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

அக்கா கட்டிலருகே திரும்பி வந்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த இடது கையில், இரண்டு மாதமாக அசையாத சுண்டுவிரல், மெல்ல, தானாக மடங்கியது.

அந்த விரலை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தங்கை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், அக்கா எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பவில்லை.